கையைத் தூக்கினால் இறங்கும் மருந்து

வெள்ளைக் கோட்டைக் காலரில் தொடங்க வேண்டும். இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இஸ்திரிப் பெட்டியை நகர்த்தினால்தான் முனை சுருங்காது. பிறகு தோள்பட்டை, அதன் பிறகு கை. கையைத் தையலோடு தையல் சேர்த்துப் படுக்கவைத்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவி, தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பில் பெட்டியைக் கொண்டுவர வேண்டும். நடுவில் நிறுத்தித் தொடங்கினால் கோடு இரண்டாகிவிடும். அந்தச் சலவைக்கூடத்தில் நடுவில் நிறுத்தாதவள் ஒருத்திதான். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் டாக்டர் கோட்டுகள் எல்லாம் ஜன்னலோர மேஜைக்கு, அவளிடம்தான் போகும். அங்கே அவளுக்குப் பெயர் மடிப்பக்கா.

நீராவிப் பெட்டிக்குக் கூரையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. பழைய குழாய். பெட்டியை நீளமாக இழுக்கும்போது எங்கேயாவது மடங்கிக்கொள்ளும், நீராவி நின்றுவிடும். மற்ற மேஜைக்காரர்கள் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்கள். மடிப்பக்கா யாரையும் கூப்பிடுவதில்லை. இடது கையால் குழாயைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பாள். உஸ்ஸென்று நீராவி மறுபடி வரும். வேலை நடக்கும்.

"நாளைக்கு நான் வர மாட்டேன்" என்றாள், பெட்டியை நிறுத்தாமல்.

எதிர் மேஜையில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஒல்லியான உடம்பு, கூர்மையான வாய். அவளைக் குண்டூசி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"மறுபடியும் பல்லா?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணு தெரியணும்க்கா. உனக்கு வாயில மொத்தம் எத்தனை பல்லு? நீ போய்ப் போய்ப் பிடுங்கிட்டு வந்ததுக்கு இந்நேரம் பொக்கை வாயால்ல இருக்கணும்?"

"எல்லாம் கடைவாய்ப் பல்லு. வெளியில தெரியாது."

"எங்க, சிரி பாப்போம்."

மடிப்பக்கா சிரித்தாள். பற்கள் வரிசையாக இருந்தன. குண்டூசி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரக் கூடையில் ஈரத் துணி வந்து நின்றபோது, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குளிர்ந்ததைத் தொட்டால் மடிப்பக்காவின் விரல்கள் ஊசி குத்தியதுபோல் சுண்டிக்கொள்வதைச் சில மாதங்களாக அவள் கவனித்துவந்தாள். பல் பிடுங்கினால் விரல் ஏன் சுண்டுகிறது என்று அவள் கேட்டதில்லை.

பல்லுக்கும் மடிப்பக்காவுக்கும் ஒரு தகராறும் இல்லை. குடலில் வந்த புற்றை அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சம் மீதி ஒட்டியிருந்தால் அதையும் அழிப்பதற்காக மருந்து ஏற்றினார்கள். கை நரம்பு அந்த மருந்தைத் தாங்காது என்று, வலது காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எலும்புக்கு அடியில் நுழைந்து, பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதைப் போர்ட் என்றார்கள். அவள் பொத்தான் என்றாள். கழுத்துவரை மூடிய சட்டை போட்டால் அது இருப்பதே தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சலவைத் தொட்டியில் நின்ற ஒருத்திக்கு முன்பு நெஞ்சில் நோய் வந்தது. அவள் மறைக்காமல் சொன்னாள். "உடம்பைப் பாத்துக்கம்மா" என்றான் சூப்பர்வைசர், மிகவும் அன்பாக. அடுத்த வாரம் அந்தத் தொட்டியில் வேறு ஆள் நின்றது. "ஆஸ்பத்திரித் துணி பாருங்க. நோய்க்காரங்க தொடறாங்கன்னு தெரிஞ்சா ஒப்பந்தமே போயிடும்" என்று மற்றவர்களிடம் சொன்னான். நோய்க்காரர்கள் படுத்து எழுந்த துணிகள் அவனுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்தன.

அவளுடைய அண்ணன் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. தெருவில் அவரைப் பெரியவர் என்று அழைத்தார்கள். கணவன் இறந்த பிறகு தங்கை அவரோடு வந்து சேர்ந்தாள். இப்போது அவர்களுக்கு இருந்தது ஒரு மாடியில் இரண்டு அறைகள். ஆனால் அவர்களுடைய அப்பா காலத்தில் துணி துவைக்க ஓர் ஆள், இஸ்திரி போட ஓர் ஆள் என்று வைத்திருந்த குடும்பம் அது. அந்த வீட்டுப் பெண்கள் கூலிக்குப் போனதில்லை. தங்கை காலையில் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து யாராவது கேட்டால், "சொந்தக்காரங்க வீட்ல ஒருத்தருக்கு முடியல. ஒத்தாசைக்குப் போறா" என்பார். அந்தச் சொந்தக்காரருக்கு வருடக்கணக்காக முடியாமலேயே இருந்தது.

அண்ணன் சொன்னதைத் தங்கை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டு மானத்தில் தனக்கும் பாதி உண்டு என்று அவள் நினைத்தாள். சமையலறையில் வேண்டியதெல்லாம் நிறைந்திருந்தது. எப்படி நிறைந்தது என்ற பேச்சு அங்கே எழுந்ததில்லை. காலையில் கதவுக்குப் பின்னால் அவருடைய சட்டை தொங்கும். கையில் தோள் முதல் மணிக்கட்டுவரை ஒரே கோடு. அதைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கினால், எதிரே வருபவர்கள் தங்கள் சட்டையை ஒரு முறை கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

பொத்தானைப் புதைப்பதற்கு முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "என்ன வேலை பாக்கறீங்கம்மா? பாரம் தூக்கறது, இந்தக் கையை ரொம்ப அசைக்கிறது, அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "வேலைக்கெல்லாம் போறதில்லைங்க டாக்டர். எங்க வீட்டுப் பெண்கள் வீட்டோடதான்."

"அப்ப பிரச்சினை இல்ல" என்றார் டாக்டர். வெளியூர்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தகப்பனைப் போலப் பெரியவர் தங்கையின் தலையைத் தொட்டு உள்ளே அனுப்பினார்.

மருந்து ஏற்றும் கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பல்லுக்கென்று விடுப்புச் சொல்லி வந்த அன்றைக்குப் புதிதாக ஒரு செவிலி வந்திருந்தாள். பேச்சு குறைவு, கை சுத்தம். பொத்தானின் மேல் வளைந்த ஊசியை ஒரே குத்தில் இறக்கினாள். உப்புத் தண்ணீரைத் தள்ளினாள். போகவில்லை. இழுத்துப் பார்த்தாள். ரத்தம் வரவில்லை.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று மடிப்பக்கா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "இப்பத் தள்ளுங்க."

தண்ணீர் தடையில்லாமல் போனது. செவிலியின் விரல்கள் அப்படியே நின்றன.

"இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சிஸ்டர். குழாய் மடங்கினா தூக்கிப் பிடிக்கணும். பிடிச்சா வந்துடும்."

அடுத்த நாற்காலிக் கிழவர் உற்சாகமாகத் திரும்பினார். "வகுப்புல பதில் தெரிஞ்ச பிள்ளை மாதிரி, மருந்து முடியற வரைக்கும் கையைத் தூக்கிட்டே இருப்பாங்க. இங்க எங்களுக்கெல்லாம் பொழுதுபோக்கே அதுதான் சிஸ்டர்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அதான் நடந்துச்சே" என்றாள் மடிப்பக்கா. அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நடக்கிற வேலைக்கு எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?

செவிலி வளைந்த ஊசியை வெளியே எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். "இன்னைக்கு இதுல மருந்து போட மாட்டேன். கையிலயே நல்ல நரம்பாப் பாத்து மெதுவா ஏத்தறேன். எரியும், பொறுத்துக்குங்க. அதுக்கு அப்புறம் படம் எடுக்கணும்." ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். மற்ற செவிலிகள் உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. தன் காரை எலும்பைத் தொட்டுக் காட்டினாள். "இந்த எலும்புக்கும் கீழ இருக்கற விலா எலும்புக்கும் நடுவுல குழாய் போகுது. கையைத் தூக்கினா ரெண்டும் விலகுது, வழி கிடைக்குது. இறக்கினா நசுக்குது. கையை ஆட்ட ஆட்ட, கத்தரிக்கோல்ல வச்ச மாதிரி. ஒருநாள் அறுந்தாலும் அறுந்துடும். அறுந்த துண்டு நேரா இதயத்துக்குத்தான் போகும்."

மடிப்பக்காவுக்கு இப்போது புரிந்தது. நீராவிக் குழாய் எப்போதும் மடங்குகிற இடத்தில்தான் வெடிக்கும். அதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இந்தக் கையால என்னம்மா வேலை பாக்கறீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். "வீட்டு வேலைதான். சமைக்கிறது, கூட்டறது. வேற என்ன?"

செவிலி அவர் பக்கம் திரும்பவில்லை. மடிப்பக்காவின் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கெட்டியாக இருந்தது. மணிக்கட்டின் ஓரத்தில் பழைய சூட்டுத் தழும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "எது செஞ்சாலும் இந்தக் கையால வேண்டாம்" என்று சொல்லிக் கையை மெதுவாக மடியில் வைத்தாள்.

திரும்பும்போது பேருந்தில் பெரியவர் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா" என்றார். ஐம்பதைத் தாண்டிய தங்கைக்கு அவரிடம் வேறு பெயர் கிடையாது. "கொஞ்ச நாள் போகாம இருக்கலாமே."

"போகலேன்னா எடம் போயிடும்ணா."

"நீ போற எடத்துல..." அவர் நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அவர் கேட்காத கேள்வி அது. "கையை ரொம்ப ஆட்ட வேண்டி வருமா?"

"அதெல்லாம் இல்லண்ணா. சும்மா நிக்கிறதுதான்."

அவர் அவளுக்காகச் சொன்ன பொய்யைப் போலவே இதையும் அவள் தலை நிமிர்ந்து சொன்னாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

படம் எடுத்து ஒரு வாரம்போல் ஆகியிருக்கும். செவிலியே தொலைபேசியில் கூப்பிட்டாள். டாக்டர் இப்போதுதான் படத்தைப் பார்த்தார், குழாய் பாதி நசுங்கியிருக்கிறது, உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும், கையை அசைக்க விடக் கூடாது. பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். சலவைக்கூடம் எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் விசாரிக்கவில்லை. அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிப் போவதற்காகவே அது இருக்கும் இடத்தை அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். நீராவி முகத்தில் அடித்தது. நாலடி நடப்பதற்குள் அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, கைகளில் இருந்த கோடு கலைந்தது. அவர் நின்றார்.

ஜன்னலோரத்தில் தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகு நேராக இருந்தது. அவர்களுடைய அப்பாவின் முதுகு அது. கோட்டை உதறினாள், விரித்தாள், காலரின் முனையைத் தொட்டாள். கனத்த பெட்டி அவள் கையில் தண்ணீரில் மிதப்பதுபோல் போனது. ஒரு சுருக்கம்கூட இரண்டாம் முறைக்குக் காத்திருக்கவில்லை. முடித்த கோட்டு கொக்கியில் ஏறும்போதே அடுத்தது மேஜையில் விரிந்திருந்தது. நீதிமன்றத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார். இப்படி ஒருவரும் செய்ததாக அவருக்கு நினைவில்லை. கூப்பிட வந்தவர் கூப்பிடாமல் நின்றார்.

"யாரு வேணும் பெரியவரே?" சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றான். "துணி குடுக்கறதுன்னா முன்வாசல்."

"அது என் தங்கச்சி" என்றார் பெரியவர்.

அப்போதுதான் அது நடந்தது. கோட்டுக் கையின் மேல் தோளிலிருந்து வந்துகொண்டிருந்த பெட்டி முழங்கையருகே நின்றது. மடிப்பக்கா இடது கையை நெஞ்சில் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன மீன் துள்ளியதுபோல் இருந்தது. ஒரு இருமல் வந்தது.

"அக்கா, நிறுத்திட்ட!" என்றாள் குண்டூசி. அவள் குரலில் கேலி இல்லை. கையிலிருந்த உறையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மடிப்பக்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள்.

மடிப்பக்கா திரும்பினாள். நனைந்த சட்டையில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். தான் பிடிபட்டதுபோல் ஒரு கணம் நின்றாள். பிறகு, "சட்டை போச்சேண்ணா" என்றாள்.

"போகட்டும். வா பாப்பா."

"என்ன சார், என்ன விஷயம்?" என்றான் சூப்பர்வைசர்.

"பல்லு" என்றாள் குண்டூசி முந்திக்கொண்டு. "பெரிய பல்லு. இன்னைக்கே பிடுங்கணுமாம்."

"சரி சரி, போயிட்டு வாம்மா. மேஜை எங்கயும் ஓடிடாது. டாக்டர் கோட்டையெல்லாம் கட்டி வைக்கிறேன். மாத்துக் கோட்டு அவங்ககிட்ட இருக்கு, ரெண்டு வாரம் தாங்கும். உன் கையில தவிர வேற கையில குடுக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார். காரை எலும்புக்கு அடியில் குழாய் அறுபட்டு நின்றது. மீதித் துண்டு ஒரு துண்டு நூலைப் போல இதயத்தின் நிழலுக்குள் வளைந்து கிடந்தது. வெளி வராந்தாவில் உட்கார இடமில்லாத நோயாளிகள் கதவுவரை நின்றார்கள். கதவைச் சாத்த முடியவில்லை.

"துண்டை எடுத்துடலாம். தொடைப் பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய் வழியா ஒரு கம்பிக் கண்ணியை மேல அனுப்பிப் பிடிச்சு இழுப்போம். பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பிறகு படத்தை மறுபடியும் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. வீட்டோட இருக்கறவங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் இப்படி அறுந்து நான் பாத்ததில்ல. கையால கடுமையா வேலை பாக்கறவங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் கழுத்துப் பக்கமா வச்சிருப்பேன். அங்க நசுக்க எலும்பு இல்ல. அடுத்ததை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும். சொல்லுங்கம்மா. என்ன வேலை பாக்கறீங்க?"

மடிப்பக்கா தரையைப் பார்த்தாள். "வீட்ல..." என்று தொடங்கினாள்.

பெரியவர் எழுந்தார். நீதிபதி உள்ளே வரும்போது எழுந்து பழகிய விதம் அது. வராந்தாவில் பேச்சு தானாகக் குறைந்தது.

"டாக்டர், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றார். குரலைத் தணிக்கவில்லை. "என் தங்கச்சி வேலைக்குப் போறா. ரொம்ப வருஷமாப் போறா. இஸ்திரி போடறா. எங்க வீட்ல அடுப்பு எரியறது அவ கையால. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, அவளைச் சொல்லவும் விடல. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. தப்பு என்னோடது."

கூட்டத்தில் தெருக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பெரியவர் அவரைப் பார்த்தார், பார்வையை விலக்கவில்லை.

"நீங்க போட்டிருக்கீங்களே, இந்தக் கோட்டு" என்றார் டாக்டரிடம். "இதுவும் அவ போட்டதுதான். கையைப் பாருங்க. தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே கோடு. நான் இன்னைக்குத்தான் பாத்தேன், அதை எப்படிப் போடறான்னு. நீங்களும் ஒரு தடவை போய்ப் பாக்கணும்."

டாக்டர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனையோ நாள் போட்ட கோட்டை இப்போதுதான் பார்ப்பவரைப் போலிருந்தார். கதவருகே நின்ற செவிலி கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காகப் படத்தின் பக்கம் திரும்பினாள்.

மடிப்பக்கா அண்ணனின் நனைந்து கசங்கிய சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருண்ணா" என்றாள் மெதுவாக. அவர் உட்கார்ந்தார், நிமிர்ந்தே.

துண்டை அன்றே எடுத்தார்கள். அவளுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. உள்ளே கம்பி தேடும்போது இதயம் நாலைந்து முறை தடுக்கி ஓடியது. செவிலி அவள் தலைமாட்டிலேயே நின்று, "இதோ வந்துட்டது, இதோ வந்துட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தது விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். ஒரு முனை ஒழுங்காக இருந்தது. மறுமுனை பல்லால் மென்றதைப் போல நைந்திருந்தது. கிண்ணத்தில் வைத்துக் காட்டினார்கள். "இம்மாத்தூண்டா?" என்றாள் மடிப்பக்கா. பழைய பொத்தானையும் எடுத்துவிட்டு, கழுத்துப் பக்கமாகப் புதிய குழாய் விட்டு இடது பக்கம் வேறொன்று வைத்தார்கள்.

இரண்டாம் நாள் காலை டாக்டர் படுக்கையருகே வந்தார். அன்று அவர் உடம்பில் பழைய பச்சை அறுவைச் சட்டைதான் இருந்தது. "ஒரு விஷயம் பண்ணினேன்மா. உங்க லாண்டரி மேனேஜருக்கு நானே போன் பண்ணினேன். இந்த மாதிரி, உங்க கிட்ட வேலை பாக்கறவங்க இப்படி மருந்து எடுத்துக்கறாங்க, ரொம்ப தைரியசாலி, கொஞ்ச நாளைக்கு லேசான வேலையாக் குடுங்கன்னு சொன்னேன். நாங்க பாத்துக்கறோம் டாக்டர்னு சொன்னார். நல்ல மனுஷனா இருக்கார்."

பெரியவர் கைகூப்பினார். மடிப்பக்கா கூப்பவில்லை. "போன்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா. எல்லாம் விவரமாச் சொல்லிட்டேன்."

அதற்கு மறுநாள் குண்டூசி வந்தாள். கையில் ஒரு துணிப் பை. படுக்கையைச் சுற்றி வந்து, மடிப்பக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், தண்ணீர்க் குவளையை இடம் மாற்றி வைத்தாள். உட்காரவில்லை.

"பல்லாம் பல்லு" என்றாள். "குடல்ல முளைக்கிற பல்லு உனக்கு மட்டும்தான்க்கா உண்டு."

"உனக்குத் தெரியுமா?"

"ஈரத் துணியைத் தொட்டா யாருக்கு அப்படி விரல் சுண்டும்? எங்க அத்தைக்கு இதே மருந்துதான் போட்டாங்க. நீயா சொல்றப்ப கேட்டுக்கலாம்னு இருந்தேன்." பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். அதிலிருந்து மடிப்பக்காவின் தகரக் குவளை எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே கூடத்தில் போடும் ரப்பர் செருப்பு, கோட்டுக் கைக்குள் செருகி இஸ்திரி போட அவளே தைத்து வைத்திருந்த சின்னத் தலையணை. அதன் உறை வெப்பத்தில் பழுத்திருந்தது.

"இதெல்லாம் எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

குண்டூசி ஜன்னலைப் பார்த்தாள். "சூப்பர்வைசர் குடுத்தனுப்பினான்."

"என்ன சொன்னான்?"

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னான்."

மடிப்பக்கா தலையசைத்தாள். சின்னத் தலையணையை எடுத்து, அதன் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை விரலால் உள்ளே தள்ளினாள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "விடுண்ணா" என்றாள். "நீ சொன்னது சரிதான். நீ சொல்லலேன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் சுற்றுக்கு வந்துகொண்டிருந்தார். செவிலி முன்னால் வந்து திரையை விலக்கினாள். குண்டூசி ஒதுங்கி நின்றாள். பெரியவர் எழுந்து நின்றார்.

"எப்படி இருக்கு நம்ம தைரியசாலிக்கு?" என்றார் டாக்டர். அவர் அன்று புதிதாகச் சலவையிலிருந்து வந்த கோட்டு போட்டிருந்தார். குனிந்து கட்டைப் பிரித்தார், விரலால் தொட்டார், ஊசியை இறக்கினார். உப்புத் தண்ணீர் தடையில்லாமல் போனது. இழுத்ததும் ரத்தம் சிவப்பாகத் திரும்பி வந்தது. "பாத்தீங்களா? கையை இறக்கி வச்சிருக்கப்பவே போகுது. இப்பத் தூக்கிப் பாப்போம். மெதுவா."

மடிப்பக்கா இடது கையைத் தூக்கினாள். டாக்டரின் கை அவள் முகத்துக்கு எதிரே நீண்டிருந்தது. கோட்டுத் துணி வெளுப்பாக, மொடமொடவென்று இருந்தது. தோளிலிருந்து ஒரு கோடு நேராக இறங்கி முழங்கைவரை வந்திருந்தது. அங்கிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கோடுகள் ஓடின.

குண்டூசி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவரும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "போதும்மா, இறக்கிக்கலாம்."

கை மேலேயே இருந்தது.